படாத அடிக்குக் கை தூக்குபவர்

காவிரிப் பாலத்தில் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியதில், பின்னால் நின்ற பெரிய உடம்புக்காரர் இருதயநாதனின் காலை நன்றாக மிதித்துவிட்டார். "மன்னிச்சுக்குங்க" என்றார் இருதயநாதன். மிதித்தவர் சற்று யோசித்து, போனால் போகிறது என்று மன்னித்தார். இது ஏதோ ஒரு நாள் நடந்த சங்கதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து, சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினால், இறங்குவதற்குள் யாரிடமாவது மன்னிப்புக் கேட்டுவிடுவார். தவறு யாருடையது என்று பார்த்துக்கொண்டிருக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

தோளில் ஒரு நீளமான துணிப்பை தொங்கும். "என்ன சார், தூண்டிலா?" என்று ஒரு கண்டக்டர் கேட்டபோது "ஆமாங்க" என்றார். இன்னொரு நாள் பக்கத்து சீட்டு அம்மாள் அது ஜன்னல் திரை மாட்டுகிற கம்பியா என்று விசாரித்தார், அதற்கும் ஆமாம்தான். உள்ளே இருப்பது ஒரு வாள், ஒரு கம்பிவலை முகமூடி, கெட்டித் துணியில் தைத்த ஒரு வெள்ளைச் சட்டை. உண்மையைச் சொன்னால் என்ன என்று ஒரு முறை கேட்டேன். "அவங்க ஒண்ணு நினைச்சுக் கேட்டுட்டாங்க. இல்லைன்னா முகம் சுண்டிப்போயிடுமுல்லங்க?" என்றார். அந்தக் கண்டக்டர் இன்றைக்கும் இவரைப் பார்த்தால் கெண்டை மீன் என்ன விலை போகிறது என்று கேட்கிறார். இவரும் ஏதோ ஒரு விலை சொல்லி வைக்கிறார்.

பாலக்கரையில் வீடு. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒட்டடைக்குச்சி உயரம், அதற்கேற்ற உடம்பு. கை மட்டும் கடவுள் வேறு யாருக்கோ எடுத்து வைத்திருந்த நீளம். மலைக்கோட்டைப் பக்கம் ஒரு மிக்ஸி, கிரைண்டர் சர்வீஸ் கடையில் முன்மேசையில் உட்காருகிறார். புகைந்துபோன மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு, தானும் புகைந்துகொண்டு வருகிறவர்களை முதலில் எதிர்கொள்வது இவர்தான். வந்தவர் வாய் திறப்பதற்கு முன்பே "எங்க மேலதாங்க தப்பு, உக்காருங்க" என்பார். சண்டை போட வந்தவருக்குச் சண்டைக்கு ஆள் கிடைக்காது. பாதிப் பேர் அப்படியே அடங்கி, தங்கள் மாமியார் மேல்தான் கோபம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கடை முதலாளிக்கு இவரைப் பிடிக்கும் என்பதில் ஆச்சரியம் இல்லை.

காந்தி மார்க்கெட்டில் இவர் தக்காளி வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். பொறுக்கி எடுத்தால் கடைக்காரம்மா மனது நோகும் என்று கண்ணை மூடிக்கொண்டு அள்ளுவார். வீட்டில் மனைவி டோரதி அதை அப்படியே தொக்காக்கிவிடுவார். டோரதி பள்ளி ஆசிரியை. வகுப்பில் சாக்பீஸ் எறிந்தது யார் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிற ஆள். ஆனால் கணவரிடம் அந்தத் திறமை செல்லாது. ஒரு நாள் சமையலறையில் கண்ணாடி டம்ளர் உடைந்தது. "யாரு?" என்று டோரதி கேட்ட மாத்திரத்தில் "நான்தான்" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. பூனை ஜன்னல் வழியாகக் குதித்து ஓடுவதை டோரதி கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். பாவசங்கீர்த்தனத்திலும் இதே கதைதான். ஒரு பாதிரியார் பொறுமை இழந்து, "செஞ்ச பாவத்தை மட்டும் கொண்டாங்க, போதும்" என்று திருப்பி அனுப்பியதாக டோரதியே சொல்லிச் சிரித்தார்.

இப்படிப்பட்ட மனிதர் வாள் பிடிக்கிறார் என்றால் யார் நம்புவார்கள்? நானே ஸ்ரீரங்கத்துக்குப் போய்ப் பார்த்துத்தான் நம்பினேன்.

மேலூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. நாட்டுக்கெல்லாம் முகூர்த்தம் இல்லாத ஆடியும் மார்கழியும்தான் காவிரிக்கரை வாள்வீச்சு லீக்குக்கு முகூர்த்த மாதங்கள். கல்யாணம் இல்லாமல் மண்டபம் காலியாகக் கிடக்கும். வரவேற்புக்கு விரிக்கிற சிவப்புக் கம்பளத்தை நீளவாக்கில் விரித்தால் அதுதான் களம். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற சிம்மாசனச் சோபாவுக்குப் பார்வையாளர்களிடையே அடிபிடி நடக்கும். சுவரில் போன கல்யாணத்தின் தெர்மகோல் எழுத்துகள் பாதி ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், உறையூர், பாலக்கரை, ஜீயபுரம் என்று ஆங்காங்கே இருந்து வருவார்கள். ஜீயபுரத்துக்காரர்கள் வாழைத்தோட்டக்காரர்கள், தோற்றாலும் ஒரு தார் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் போவார்கள். மற்ற மாதங்களில் மண்டபத்துக்குப் பின்னால் கார் நிறுத்துகிற கொட்டகையில் பயிற்சி.

வாள்வீச்சை டிவியில் பார்த்தவர்களுக்குத் தெரியும். வீரர்களின் முதுகில் மின்கம்பி இருக்கும். வாள் முனை எதிராளியின் மேல் பட்டால் விளக்கு எரியும், மணி அடிக்கும். இந்த லீக்கில் கம்பி கிடையாது, விளக்கு கிடையாது. பெரிய சங்கங்களோடு ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. களத்தின் நான்கு மூலையிலும் நான்கு நடுவர்கள் நின்று, முனை பட்டு வாள் வளைகிறதா என்று பார்த்துக் கை தூக்குவார்கள். நடுவில் தலைமை நடுவர். ஆனால் இவர்கள் எல்லோருக்கும் மேலே ஒரு வழக்கம் இருக்கிறது. அடி பட்டவர் தானே இடது கையைத் தூக்கி "பட்டுச்சு" என்று சொல்ல வேண்டும். அவர் சொன்னால் அதுதான் தீர்ப்பு. நடுவர்களிடையே கருத்து வேறுபட்டாலும் அவரைத்தான் கேட்பார்கள். அடித்தவர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. "நான் அடிச்சேன்" என்கிற வாக்கியமே அந்த மண்டபத்தில் கேட்டதில்லை.

தலைமை நடுவர் சுபலட்சுமி, கல்லூரியில் கணிதம் போதிக்கிறவர், உத்திர வீதிக்காரர், லீக்கைத் தொடங்கியவர்களில் ஒருவர். விளக்கு வைத்தால் வேலை சுலபம்தானே என்று அவரிடம் கேட்டதற்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். "விளக்கு எரிஞ்சப்பறம் ஒத்துண்டா அதுல என்ன பெருமை சொல்லுங்கோ? இருட்டுல ஒத்துக்கணும்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, வாள் பிடிக்க லாயக்கில்லாத ஆள் என்று முடிவுகட்டி, மூலை நடுவராக நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து நான் ஈசானிய மூலையில் நிற்கிறேன்.

இருதயநாதன் விளையாட வந்தால் வேறு ஆள். அந்த நீளக் கை எங்கிருந்து கிளம்பியது என்று பார்ப்பதற்குள் முனை எதிராளியின் மார்பில் பட்டு, வாள் வில்லாக வளைந்து நிற்கும். உடனே பழைய ஆள் திரும்பி வந்துவிடுவார். "வலிச்சுதாங்க?" என்று முகமூடிக்குள்ளிருந்து கவலையாகக் கேட்பார். குத்தாமலேயே இருந்திருக்கலாமே என்று உறையூர்க்காரர் ஒருவர் எரிந்து விழுந்தார்.

தன் மேல் அடி பட்டால் அவர் கை தூக்குகிற வேகத்தை லீக்கே ஒரு காலத்தில் கொண்டாடியது. நடுவர்கள் இமைப்பதற்குள் இடது கை மேலே போய்விடும். 'பாலக்கரை தருமர்' என்று பெயர் வைத்தார்கள். ஞானஸ்நானம் பெற்ற தருமர் இவர் ஒருவர்தான். புதிதாகச் சேருகிறவர்களிடம், கை தூக்குவது எப்படி என்று அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்பார்கள்.

மூலையில் நிற்கிறவனுக்குச் சில விஷயங்கள் தெரியும். எனக்கு முதலில் என் கண்மேல்தான் சந்தேகம் வந்தது. வாள் அவர் தோளுக்கு மேலே காற்றைக் குத்திவிட்டுப் போனது போல இருக்கும். அவர் கை தூக்கி நிற்பார். விலாவுக்கு வெளியே போனது போல இருக்கும், "பட்டுச்சுங்க" என்பார். பட்டவனுக்குத் தெரியாதா, பார்க்கிறவனுக்குத் தெரியுமா என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். எதிர் மூலையில் நின்றவரும் அப்படியே பேசாமல் இருந்திருக்கிறார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

பேசாமல் இருக்கத் தெரியாத ஒருவர் லீக்கில் இருந்தார். கமர் ஜஹான், திருச்சி நீதிமன்றத்தில் சிவில் வக்கீல். நாற்பது வயது, குள்ளம், கால் வேகம் அசாத்தியம். கோர்ட்டில் ஒரு அங்குல நிலத்தைக்கூட விட்டுக்கொடுக்காதவர், கம்பளத்தில் ஏறிவிட்டால் பட்ட அடியைச் சுத்தமாக ஒப்புக்கொள்வார். வாரமெல்லாம் அடுத்தவர் தப்பை நிரூபிப்பதே பிழைப்பாகப் போவதால், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது தன் தப்பைச் சொல்லி இளைப்பாறுவதாக ஒரு முறை என்னிடம் சொன்னார்.

போன மார்கழி இறுதிப் போட்டியில் இந்த இருவரும் மோதினார்கள். வைகுண்ட ஏகாதசி முடிந்த கையோடு ஊரில் இன்னும் கூட்டம் வடியாத ஞாயிறு. ஐந்து அடி முதலில் போடுகிறவருக்கு வெற்றி. நாலுக்கு நாலு என்று வந்து நின்றது. கமர் ஜஹான் பாய்ந்து குத்தினார். இருதயநாதன் கை தூக்கினார். மண்டபம் ஆரவாரம் செய்தது, சுபலட்சுமி வெற்றியை அறிவித்தார், ஜீயபுரத்துக்காரர்கள் வாழைப்பழம் நீட்டினார்கள். கமர் ஜஹான் பழத்தையும் வாங்கவில்லை, கோப்பையையும் தொடவில்லை. அதை மணமக்கள் சோபாவில் வைத்துவிட்டு நேராகச் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போய், நிர்வாகக் குழு அங்கே உடனே கூட வேண்டும் என்றார்.

இலை போடுகிற நீள மேசையில் எல்லோரும் எதிரெதிராக உட்கார்ந்தோம். பந்திக்குக் காத்திருக்கிற மாதிரிதான் இருந்தது.

"தோத்ததுக்குத்தான் புகார் குடுப்பாங்க. நான் ஜெயிச்சதுக்குப் புகார் குடுக்குறேன்" என்று ஆரம்பித்தார் கமர் ஜஹான். "என் கத்தி அவர் மேல படல. கத்தி வளைஞ்சா என் மணிக்கட்டுக்குத் தெரியாதா? அல்லாவுக்குப் பொதுவா சொல்றேன், படல. அடிச்சவ பேசக்கூடாதுன்னு வழக்கம் இருக்கேன்னு கம்பளத்துல பேசாம இருந்தேன். இப்ப பேசுறேன். அவரு எனக்குப் பிச்சை போட்டிருக்காரு."

நான் என் மூலையில் பார்த்ததைச் சொன்னேன். எதிர் மூலைக்காரரும் சொன்னார். உறையூர்க்காரர் தனக்கும் இப்படி ஒரு வெற்றி வந்ததாகவும், அதை நம்பி வீட்டில் பாயசம் வைத்துவிட்டதாகவும் நொந்துகொண்டார். எல்லோரும் இருதயநாதனைப் பார்த்தார்கள். கமர் ஜஹான் குறுக்கு விசாரணையைத் தொடங்கினார். பட்டதா, படவில்லையா என்று கேட்டார். பட்டிருக்கும் என்று நினைத்தேன் என்றார் இருதயநாதன். நினைத்தீர்களா, தெரியுமா என்றார் வக்கீல். இருதயநாதன் மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"வலைக்குள்ள உங்க முகத்துல அவ்வளவு ஆசை தெரிஞ்சுதுங்க" என்றார் கடைசியில்.

அதைவிட மோசமான பதிலை அவர் யோசித்துச் சொல்லியிருக்க முடியாது. கமர் ஜஹானின் கண் கலங்கிவிட்டது, கோபத்தில்தான். வருஷக்கணக்காகக் காவிரிப் பாலம், கொள்ளிடப் பாலம் என்று ஓடிக் காலைப் பழக்கியவருக்கு, வெற்றி இரக்கத்தில் கிடைத்தது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? எனக்கும் அந்த நிமிஷம் தருமர் மேல் பற்றிக்கொண்டு வந்தது. நல்லவனாக இருப்பதில் இப்படி ஒரு அராஜகம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

சுபலட்சுமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பட்டதைப் படலைன்னா பொய். படாததைப் பட்டதுன்னா அது மட்டும் மெய்யா? ரெண்டும் பொய்தான். இந்த லீக்ல விளக்கு கிடையாது. நம்ம வார்த்தைதான் விளக்கு" என்றார். பிறகு தீர்ப்புச் சொன்னார். ஆடிப் போட்டி வரை அவகாசம். அதற்குள் இன்னொரு முறை படாத அடிக்குக் கை தூக்கினால், அன்றிலிருந்து இருதயநாதனின் கை செல்லாது.

கை செல்லாது என்றால் என்னவென்று வெளியாருக்குச் சொல்ல வேண்டும். அவர் விளையாடலாம், ஜெயிக்கலாம். ஆனால் அவர் கை தூக்குவதும் மூக்கைச் சொறிவதும் ஒன்று. மூலை நடுவர்கள் சொல்வதை வைத்து முடிவு செய்வார்கள்; அவரை யாரும் கேட்க மாட்டார்கள். பொய் சொல்லிப் பிழைத்தவர்களுக்கென்று வைத்த தண்டனை அது. யாருக்கும் இதுவரை கொடுத்ததில்லை. முதல் ஆளாக ஒரு தருமர் வந்து மாட்டுவார் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அன்றைக்குத்தான் இருதயநாதன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றை ஒப்புக்கொள்ள மறுத்தார் என்று நினைக்கிறேன். எழுந்து நின்றார். "வேணும்னா லீக்கை விட்டே அனுப்பிடுங்க. போயிடுறேன். கை செல்லாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். குரல் உடைந்துவிட்டது. "கடையில நான் சொல்றதை யாரும் நம்புறது இல்லைங்க, சமாதானத்துக்குச் சொல்றேன்னு அவங்களுக்கே தெரியும். வீட்டுலயும் அப்படித்தான். இங்கதான் நான் சொன்னா சொன்னதுன்னு இருந்துச்சு."

சுபலட்சுமி தீர்ப்பை மாற்றவில்லை.

அதன் பிறகு பாலக்கரை வீட்டில் டோரதி கையில் பிரம்பில்லாத குறையாகப் பயிற்சி நடந்தது. சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும், கணவரை உட்கார வைத்து இல்லாத குற்றங்களாகச் சாட்டுவார். ஃபேனை அணைக்காமல் போனது யார், பால் பொங்கியது யாரால், பக்கத்து வீட்டு மதில் சாய்ந்தது எதனால் என்று வரிசையாகக் கேட்பார். ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் ஆமாம். மதிலுக்குக்கூட ஆமாம். சில வாரம் கழித்து "நான் இல்ல டோரதி" என்று வந்தது. பின்னாலேயே "மன்னிச்சுக்கோ" என்றும் வந்தது. பின்னால் வருவதை வெட்டுவதற்குள் பங்குனி பிறந்துவிட்டது.

கடையிலும் முயன்றார். காய்ந்த விரலி மஞ்சளைப் போட்டு அரைத்து மிக்ஸி ஜாரைப் பிளந்துகொண்டு வந்த ஒரு அம்மாளிடம், "இதுக்கு மஞ்சள்தாங்க காரணம், எங்க தப்பு இல்லை" என்று சொல்லியேவிட்டார். சொன்ன வேகத்தில் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து அந்த அம்மாளுக்கு டீ சொன்னார், அவருடன் வந்தவருக்கும் டீ சொன்னார். அந்த அம்மாள் டீயைக் குடித்துவிட்டு, ஆமாம், மஞ்சளை இடித்துப் போட்டிருக்க வேண்டும் என்றாராம். வானம் இடிந்து விழவில்லை என்பதை இருதயநாதன் எனக்கு ஃபோன் செய்து சொன்னார்.

ஆடிப்பெருக்குக்கு அம்மாமண்டபம் நிரம்பி வழிந்து, அடுத்த ஞாயிறு இறுதிப் போட்டி. இந்த முறையும் கமர் ஜஹானும் இருதயநாதனும்தான் வந்து நின்றார்கள். போன மார்கழிக்குப் பிறகு இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அன்று மண்டபத்தின் ஜன்னல் கதவுகள் படார் படார் என்று அடித்துக்கொண்டன. டோரதி முதல் வரிசையில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். கோப்பை பற்றி யாருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. எல்லோர் கண்ணும் அவருடைய இடது கையின் மேல்தான் இருந்தது.

ஆட்டம் நன்றாகவே போனது. முதல் மூன்று அடியை இருதயநாதனின் நீளக் கை சுருட்டிக்கொண்டது. கமர் ஜஹான் காலை நம்பினார். உள்ளே புகுந்து புகுந்து சமன் செய்தார். பட்ட அடிகளுக்கு இருதயநாதன் கை தூக்கியபோதெல்லாம் நானும் மற்ற மூலைக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எல்லாம் நிஜ அடிகள்தான். மறுபடியும் நாலுக்கு நாலு.

கமர் ஜஹான் தரையோடு தரையாகத் தாழ்ந்து பாய்ந்தார். வாள் இருதயநாதனின் அக்குளுக்குக் கீழே போய், சட்டையை ஒட்டிக்கொண்டு மறுபக்கம் வந்தது. அந்த நேரம் பார்த்து என் தலைக்குப் பக்கத்தில் ஜன்னல் அடித்து, நான் கண்ணைச் சிமிட்டிவிட்டேன். சுபலட்சுமி "நிறுத்துங்கோ" என்றார். எதிர்ப்பக்கத்து நடுவர்கள் இருவர் கை தூக்கினார்கள். ஒருவர் படவில்லை என்றார். என்னைக் கேட்டபோது தெரியவில்லை என்றேன். ஈசானிய மூலையால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

இனி அவரைத்தான் கேட்க வேண்டும். இருதயநாதனின் நிலைமை எனக்கு நன்றாகவே புரிந்தது. படாததற்குக் கை தூக்கினால் அந்தக் கை அத்தோடு செத்தது. படவில்லை என்று சொன்னாலோ, இரண்டு நடுவர்கள் கை தூக்கி நிற்கும்போது, கோப்பைக்காகப் பொய் சொன்னான் என்று நாலு பேர் சொல்வார்கள். அவருக்குப் பழி புதிதில்லை. ஆனால் இந்தப் பழி அவருக்குப் பழக்கமில்லாதது. எதிரே வலைக்குள் கமர் ஜஹானின் முகம், போன தடவையைப் போலவே ஆசையோடு.

அவருடைய இடது கை இடுப்பு வரை எழும்பியது. டோரதி ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்திவிட்டார். அந்தக் கையை இருதயநாதன் தானே குனிந்து பார்த்தார். பிறகு முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், கால்சட்டை இடுப்புப் பட்டையில் விரல்களைச் செருகிக்கொண்டார்.

"படலைங்க" என்றார்.

சுபலட்சுமி இன்னொரு முறை கேட்டார். மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. கை தூக்கியிருந்த நடுவர்களில் ஒருவர் உதட்டைப் பிதுக்கினார்.

"படல. சட்டையை ஒட்டிப் போச்சு. படலைங்க" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை.

கமர் ஜஹான் வழக்கப்படி பேசக் கூடாது. பேசவும் இல்லை. வாளைத் தாழ்த்திக்கொண்டு, யாரும் சொல்வதற்கு முன்பே திரும்பி நடந்து, ஆட்டம் தொடங்குகிற தன் கோட்டில் போய் நின்றார். அந்த நடையில் சந்தேகம் எதுவும் இல்லை. அவருடைய மணிக்கட்டுக்குத் தெரியும். முணுமுணுப்பு அதோடு நின்றது. உதட்டைப் பிதுக்கியவரும் கையை இறக்கிக்கொண்டார். வாள் சண்டை பார்க்கப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்ட முதல் மூலை நடுவர் நானாகத்தான் இருக்கும்.

மறுபடி தொடங்கினார்கள். இருதயநாதனின் இடது கை இடுப்புப் பட்டையிலேயே இருந்தது. வலது கையை நீளமாக வீசினார், கமர் ஜஹான் அதைத் தட்டிவிட்டு உள்ளே புகுந்தார். நெஞ்சுக்கு நடுவில் முனை பதிந்து, வாள் நன்றாக வளைந்து நின்றது. இந்த முறை என் கண்ணும் திறந்திருந்தது. நான்கு மூலையிலும் நான்கு கைகள் உயர்ந்தன.

சுபலட்சுமி எங்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. இருதயநாதனை மட்டும் பார்த்தபடி நின்றார்.

அவர் அவசரப்படவில்லை. வாளைக் கம்பளத்தில் வைத்துவிட்டு, ஒற்றைக் கையால் முகமூடியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். நெற்றி வியர்வையை வழித்தார். முனை பட்ட இடத்தைக் குனிந்து பார்த்து, விரலால் ஒரு முறை தொட்டும் பார்த்தார். கமர் ஜஹான் காத்திருந்தார், நாங்கள் கையைத் தூக்கியபடியே காத்திருந்தோம், மண்டபமே காத்திருந்தது. போதுமான அளவுக்குக் காக்க வைத்த பிறகு, இருதயநாதன் இடுப்புப் பட்டையிலிருந்து இடது கையை எடுத்து, நிதானமாக உயர்த்தினார்.